கணுக்கால் பிடி

திருமலைராயன்பட்டினத்தில் மண்மாரி பெய்யப் பாடினார் காளமேகம் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். கதையை நம்பாதவர்கூட ஊரின் கிழக்கே கடற்கரைத் தெருக்களுக்கு வந்தால் மணலை நம்பியாக வேண்டும். கால் வைத்த இடமெல்லாம் புதையும். ஆனால் கபடிக்கு அந்த மணல் மட்டும் உதவாது, கால் ஊன்ற முடியாது. அதனால் போட்டிக்குச் சில நாள் முன்பே செம்மண் வண்டி வந்து சேரும். கட்டி உடைத்து, சலித்து, மணலும் மரத்தூளும் கலந்து பரப்பி, சாயங்காலம் தண்ணீர் தெளிப்பார்கள். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் அளந்து சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டால் களம் ரெடி.

கோடு போடுவதற்கு முன்னால் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் மண்ணைத் தடவிக்கொண்டே நகர்வார். ஓட்டுச் சில்லு, உடைந்த சிப்பி, சோடா மூடி என்று கைக்குப் பட்டதையெல்லாம் பொறுக்கி டிராயர் பையில் போட்டுக்கொள்வார். அவர்தான் பி.டி. சார். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் பெயரே பி.டி. சார்தான். முழங்கால் சிராய்ப்பு, கணுக்கால் பிசகல், மிஞ்சிப் போனால் காறை எலும்பு முறிவு. கபடியில் படும் அடி என்றால் அந்தக் காலத்தில் அவர் அறிந்தது அவ்வளவுதான். அவரிடம் இருந்த முதலுதவிப் பெட்டியில் டிங்சரும் பஞ்சும் கிரேப் பேண்டேஜும் இருந்தன. கழுத்து என்று ஒன்று உண்டு என்பது யார் நினைப்பிலும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. மாசி மகம் முடிந்திருந்தது. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கடற்கரைக்கு எழுந்தருளி, மீனவர்கள் 'மாப்பிள்ளை சாமி' என்று கொண்டாடி அனுப்பிவைத்து, ஊர் இன்னும் திருவிழா மிச்சத்தில் இருந்த சமயம். மின்னொளி கபடி. மூங்கில் கட்டி டியூப்லைட் போட்டிருந்தார்கள். நாகூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்தெல்லாம் அணிகள் வந்திருந்தன. பரிசு ஒரு சுழற்கோப்பையும் கொஞ்சம் ரொக்கமும். ஆடியவர்களில் யாரும் ஆட்டத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் இல்லை. பகலில் வலை இழுப்பவர்கள், ஐ.டி.ஐ. படிப்பவர்கள், கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். ராத்திரி மட்டும் வீரர்கள்.

உள்ளூர் அணியின் லெப்ட் கார்னர் கடற்கரைத் தெருப் பையன். இருபது வயது இருக்கும். கணுக்கால் பிடியில் கெட்டிக்காரன். பாடி வருகிறவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும் அந்தக் கணத்துக்காகவே காத்திருப்பான். நீட்டிய கால் தரையைத் தொடுவதற்குள் இவன் பறந்து போய் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருப்பான். சார் அவரை இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் சொல்கிறார். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அன்றைக்கு ஆட்டம் முடியச் சில நிமிடமே இருந்தது. தம்பி பாய்ந்தார். பாடி வந்தவன் காலை இழுத்துக்கொண்டு திரும்பினான். குனிந்து வந்த தம்பியின் உச்சந்தலை அவன் இடுப்பெலும்பில் நேராகப் போய் முட்டியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ரத்தம் இல்லை. மற்றவர்கள் மேலே விழுந்து, புழுதி அடங்கி, எல்லோரும் எழுந்தார்கள். தம்பி மட்டும் எழவில்லை. கண் திறந்திருந்தது. நினைவும் தெளிவாக இருந்தது. "காலு எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

சார் அப்போது எதிர்ப்பக்கம் ஸ்கோர் மேஜையில் இருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்வதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது. ஒருவர் முகத்தில் சோடாவை அடித்தார். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து உட்கார வைத்தார்கள். தலை முன்னால் தொங்கியது. "சுளுக்குதான், ஒரு சொடக்கு எடுத்தா சரியாயிடும்" என்று பெரியவர் ஒருவர் தாடையைப் பிடித்தார். அவர் கையைத் தட்டிவிட்டது மட்டும்தான் தன்னால் முடிந்தது என்கிறார் சார். அதற்குள் நாலு பேர் கைக்கொருவர் காலுக்கொருவராகத் தூக்கி, அம்பாசிடர் காரின் பின் சீட்டில் முழங்காலை மடக்கிக் கிடத்திவிட்டார்கள். அவ்வளவு பேரும் தம்பியின் உயிர்ச் சிநேகிதர்கள். ஒவ்வொரு கையும் அன்பினால்தான் நீண்டது. அந்த அன்பைக் குறை சொல்ல இந்தக் கட்டுரைக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் விளைவைச் சொல்லாமல் விடவும் முடியாது.

கழுத்தில் இருப்பவை 7 எலும்புகள். நிமிர்ந்து நிற்கும்போது அவை முன்பக்கமாக லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு இருப்பதால்தான் தலையில் விழும் அடியைத் தசையும் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகளும் பங்கு போட்டு வாங்கிக்கொள்கின்றன. தலையைச் சுமார் 30 பாகை குனிந்தால் வளைவு போய்க் கழுத்து நேராகிவிடும். அந்த நிலையில் உச்சந்தலை எதிலாவது முட்டினால் தலை நின்றுவிடும், பின்னால் வரும் உடம்பு நிற்காது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட கழுத்து நொறுங்கும். உள்ளே ஓடும் தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்கூட வராது. மூளைக்கும் கை கால்களுக்கும் இடையே போய்வரும் எல்லாச் சேதியும் அது வழியாகத்தான்.

இதைத் தெளிவாக உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஜோசப் டார்க் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர். அமெரிக்க ஃபுட்பாலில் தலைக்கவசம் தரமாக ஆக ஆக, அந்தத் தைரியத்தில் பையன்கள் தலையையே ஈட்டியாக்கி மோத ஆரம்பித்தார்கள். மண்டை தப்பியது, கழுத்து போயிற்று. அவர் சேர்த்த விவரங்களைப் பார்த்து 1976-இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையை முன்னே விட்டு மோதுவதைத் தடை செய்தார்கள். அந்த 1976 பருவத்தில் மட்டும் 34 இளைஞர்கள் கழுத்துக்குக் கீழே செயலிழந்திருந்தார்கள். 1984-இல் அந்த எண்ணிக்கை 5. புது மருந்து எதுவும் வரவில்லை, புதுக் கருவியும் வரவில்லை. விதியில் ஒரு வரி மாறியது, அதை நடுவர்கள் அமல்படுத்தினார்கள். அவ்வளவுதான்.

நியூசிலாந்தில் ரக்பி நம் ஊர்க் கபடி மாதிரி தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே 2001-இல் 'ரக்பிஸ்மார்ட்' என்ற திட்டம் வந்தது. பயிற்சியாளர்களும் நடுவர்களும் ஆண்டுதோறும் பாடம் கேட்டாக வேண்டும். எப்படிப் பிடிப்பது, தலையை எங்கே வைப்பது, அடிபட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் பாடத்தில் அடக்கம். அதற்கு முந்தைய போக்கிலேயே போயிருந்தால் 2001 முதல் 2005 வரை சுமார் 19 பேருக்குக் கடுமையான தண்டுவடக் காயம் ஏற்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். நடந்தது 8 தான். இரு அணியும் தோளோடு தோள் பூட்டித் தள்ளும் 'ஸ்க்ரம்' ஆட்டத்தில் எதிர்பார்த்தது 9, நடந்தது 1.

கபடியில் விதி இல்லாமல் இல்லை. பாடி வருகிறவனின் வாயைப் பொத்தக் கூடாது, காலால் கத்தரி போட்டுப் பிடிக்கக் கூடாது, காயம்படும்படி முரட்டுத்தனமாகப் பிடிக்கக் கூடாது. நடுவர் எச்சரிக்கலாம், வெளியேற்றவும் செய்யலாம். ஆனால் இவற்றில் பெரும்பகுதி பிடிபடுகிறவனைக் காக்க வந்த விதிகள். பிடிக்கிறவன் தன் கழுத்தையே பணயம் வைத்துப் பாய்ந்தால் கைதட்டல்தான் கிடைக்கும். பி.டி. சாரின் ஆதங்கம் இதில்தான் இருக்கிறது.

முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் கழுத்துப் பட்டை இல்லை. எக்ஸ்ரே எடுக்கத் தம்பியை மறுபடி உட்கார வைத்தார்கள். அங்கிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர். தஞ்சாவூரில்தான் முதன்முதலாக ஒருவர் தம்பியின் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்ற நான்கு பேரை நிற்க வைத்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணி, தலை முதல் கால் வரை மரக்கட்டையை உருட்டுவது போல ஒரே சீராகப் புரட்டிப் பலகையில் ஏற்றினார். சார் வாசலில் நின்று அதைப் பார்த்தார். இது இவ்வளவு எளிதா, இதைக் களத்திலேயே செய்திருக்கலாமே என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு மண்டையோட்டில் இடுக்கி மாட்டி எடை தொங்கவிட்டு, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்தார்கள்.

முறிவு கழுத்தின் ஆறாவது எலும்பு மட்டத்தில். தோள் அசைந்தது, முழங்கை மடங்கியது, மணிக்கட்டைப் பின்பக்கமாக நிமிர்த்த முடிந்தது. விரல்கள் இல்லை. நெஞ்சுக்குக் கீழே எதுவும் இல்லை. சிறுநீரும் மலமும் தம் வசத்தில் இல்லை.

விழுந்தபோதே போனதா, தூக்கியபோது போனதா? தம்பியின் அப்பா இதை எல்லா மருத்துவரிடமும் கேட்டார். யாராலும் சொல்ல முடியவில்லை. சாருக்கு மட்டும் ஒரு காட்சி கண்ணில் நின்றது. காரில் ஏற்றும்போது தம்பியின் வலது கை மூடியிருந்தது, உள்ளே ஒரு பிடி செம்மண். விரல் மடங்கியிருக்கிறதே, அப்படியானால் அந்த நிமிஷம் வரை விரலுக்கு உயிர் இருந்திருக்க வேண்டும், தூக்கியதில்தான் போயிருக்கிறது என்று அவர் பல வருஷம் எண்ணிக்கொண்டிருந்தார். தம்பி பின்னர் பயிற்சிக்குப் போன வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்தில் ஒரு பயிற்சியாளர்தான் அந்த எண்ணத்தைக் கலைத்தார். விரல்கள் செயலிழந்த கையில்கூட மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்தினால் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமே மடங்கும். மணிக்கட்டைத் தளர்த்தினால் திறக்கும். மடங்கிய விரல் எதற்கும் சாட்சி இல்லை. அதே இயக்கத்தைப் பயன்படுத்தித்தான் தம்பிக்கு டம்ளர் பிடிக்கவும், ஸ்பூன் எடுக்கவும், பேனா பிடித்து எழுதவும் அங்கே பழக்கினார்கள்.

அந்த மையத்தின் கதையும் இப்படி ஒரு தண்டுவடக் காயத்தில் தொடங்கியதுதான். மேரி வர்கீஸ் வேலூரில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் அப்படித்தான். 1975-இல் பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்கு மருத்துவம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். திருமலைராயன்பட்டினம் சேர்ந்திருக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் கடற்கரையிலேயே நடந்ததும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய பிரீத்தி ஸ்ரீனிவாசன், 1998-இல் புதுச்சேரிக் கடலில் தோழிகளோடு விளையாடியபோது கால் தடுமாறித் தண்ணீருக்குள் பாய்ந்தார். அதோடு கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனார். அவரும் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' என்ற அமைப்பை 2013-இல் தொடங்கி, தண்டுவடம் பாதித்தவர்களுக்காக உழைக்கிறார்.

இந்தப் பெயர்களைத் தம்பியின் அம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித்தான் சார் தைரியம் கொடுத்தார். அந்த அம்மாள் கேட்டுக்கொள்வார். ஆனால் அவர் கையில் இருந்த வேலை வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மகனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவக்கும், சிவந்த இடம் கறுக்கும், கறுத்த இடம் குழியாகும். மகனுக்கு வலிக்காது என்பதுதான் இதில் கொடுமை. நடுச்சாமத்துப் புரட்டலுக்கு அவருக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. படகுகள் கிளம்பும் சத்தம் போதும். ஒருநாள் மகனுக்குத் தலை பிளக்கும் வலி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. அந்த அம்மாள் பதறாமல் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, மூத்திரக் குழாயைத் தடவிக்கொண்டே போய் மடிப்பைக் கண்டுபிடித்து நீக்கினார். சில நிமிடத்தில் எல்லாம் தணிந்தது. கழுத்துப் பகுதியில் அடிபட்டவர்களுக்குக் குழாய் அடைத்தால்கூட இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக எகிறும். இது தெரியாத மருத்துவமனை ஊழியர்களும் உண்டு. பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வரை இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் சீக்கிரமே இறந்தார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவிலில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் முறை வைத்து நோயாளிகளைப் புரட்டவும், குழாயைச் சுத்தமாகப் பராமரிக்கவும், படுக்கையை விட்டு எழுப்பி விளையாடவும் வைத்தார். 1948-இல் அங்கே 16 பேரோடு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது. கடற்கரைத் தெருக் குடிசையில் அந்த அம்மாள் செய்ததும் குட்மன் செய்ததும் ஒரே வைத்தியம்தான்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது தம்பி கட்டிலில் இருந்தார். "தண்ணி, தண்ணி" என்ற கூச்சல் கேட்டதும் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அன்று களத்தில் தூக்கிய அதே நாலு பேரில் இருவர் அவர்கள். இந்த முறை கை காலைப் பிடிக்கவில்லை. கதவைப் பெயர்த்து அதில் கிடத்திக் கைலியால் மார்பையும் தொடையையும் கட்டி, மேற்கே பெரிய ரோடு வரை ஓடினார்கள். குடிசை போயிற்று. குடும்பத்துக்குப் பின்னர் சுனாமி குடியிருப்பில் வீடு கிடைத்தது. வாசலில் இரண்டு படி, சக்கர நாற்காலி ஏற வழியில்லை. சார்தான் கொத்தனாரை அழைத்து வந்து சரிவுப் பாதை போட வைத்தார். தம்பி இப்போது அந்த வாசலில் இருந்துகொண்டே மீன் ஏலக் கணக்குகளை எழுதித் தருகிறார். கையெழுத்து கொஞ்சம் பெரிது, அடித்தல் திருத்தல் கிடையாது.

கபடி மேல் அவருக்குக் கோபம் இல்லை. டிவியில் புரோ கபடி ஓடும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. ஆனால் 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஓர் இளம் வீரர் ஆட்டத்தில் மார்பில் அடிபட்டுக் களத்திலேயே உயிரை விட்ட வீடியோ செல்போனில் வந்தபோது, இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது கழுத்து அடி இல்லை. ஆனாலும் விழுந்தவரைச் சுற்றி ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் சாருக்குப் போன் போட்டுவிட்டார். "சார், இன்னும் அப்படியேதான் ஓடி வர்றாங்க. நாம போய்ப் பேசணும்."

இருவரும் போட்டிக் கமிட்டியைப் பார்த்தார்கள். கேட்டது மூன்று. களத்தோரம் பட்டையோடு கூடிய ஒரு பலகையும் கழுத்துப் பட்டையும் இருக்க வேண்டும். யாராவது விழுந்து எழாவிட்டால், மைக் பிடிப்பவர் உடனே "யாரும் உள்ளே வராதீங்க, தொடாதீங்க" என்று அறிவித்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். தலையை முன்னே விட்டுப் பாய்ந்தால் பிடி செல்லாது, புள்ளி எதிரணிக்கு. கமிட்டியில் இருந்த பையன்கள் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். பலகைக்கும் பட்டைக்கும் அங்கேயே வசூல் ஆயிற்று. அறிவிப்புக்கும் சம்மதம். மூன்றாவதில்தான் இடித்தது.

"தலைய விடாம கணுக்கால் பிடிக்கிறது எப்படி சார்?"

சார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் இறங்கிக் காட்டினார். ஒரு முழங்கால் தரையில். பார்வை எப்போதும் எதிராளியின் இடுப்பில், அதனால் தலை தானாக நிமிர்ந்தே இருக்கும். கை முன்னே போகும், தலை அவன் காலுக்கு வெளிப்பக்கமாகப் போகும், கன்னம் அவன் தொடையில் உரசும். உச்சந்தலை எதையும் பார்க்காது. வயசான காலத்தில் அவர் இப்படி விழுந்து எழுந்ததைப் பார்த்துப் பையன்கள் அசந்துபோனார்கள். ஆனால் இப்படிப் பிடிக்க அரை நொடி கூடுதலாகும், அந்த அரை நொடியில் ஆள் தப்பிவிடுவான் என்று ஒரு கார்னர் ஆட்டக்காரன் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எல்லா அணிக்கும் ஒரே விதி என்றால் அந்த அரை நொடி எல்லோருக்கும்தான் போகும் என்று தம்பி பதில் சொன்னார். பக்கத்து ஊர்ப் போட்டிகளில் இந்த விதி இல்லையே, நம் பையன்கள் இங்கே ஒன்று பழகி அங்கே போய்த் தோற்பார்களே என்று அவர்கள் திரும்பக் கேட்டார்கள்.

பலகை இப்போது ஸ்கோர் மேஜைக்குப் பின்னால் சாத்தியிருக்கும். உருட்டித் தூக்கும் முறையைச் சார் ஐந்தாறு பையன்களுக்குப் பழக்கியிருக்கிறார். பொங்கல் போட்டிக்கு முன்னால் ஒருமுறை அவர்கள் யாரையாவது படுக்க வைத்துச் செய்து பார்த்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பையன்களுக்கான ஆட்டத்தில் மட்டும் தலைப் பாய்ச்சலுக்குப் புள்ளி கிடையாது என்று போன வருஷம் நோட்டீஸில் அச்சாகிவிட்டது. பெரியவர்கள் ஆட்டத்துக்கும் அதைக் கொண்டுவரச் சுற்றுவட்டார அணிகளின் பொறுப்பாளர்களைக் கூட்ட வேண்டும் என்று தம்பி கடிதம் எழுதிவைத்திருக்கிறார். காரைக்கால், நாகூர் பக்கத்து அணிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றவர்களின் முகவரியைச் சார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.